நடுவில் வளர்ந்த நிலம்

கீழச்செங்குளத்தில் வெயிலுமுத்துவின் வீட்டுக்கும் சிக்கந்தரின் வீட்டுக்கும் நடுவே கிடந்த பொட்டல் வளர ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்தில். அதுவரை அது வளர்ந்ததில்லை. வளரவேண்டிய அவசியமும் அதற்கு இருந்ததில்லை. நாலு சீமைக்கருவேலம், உடைந்த ஆட்டுரல் ஒன்று, மழை பெய்தால் தவளை கத்தும் ஒரு குழி, அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. மேற்கு வாசலில் நின்றுகொண்டு வெயிலுமுத்து "மாப்ளேய்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் கிழக்கு அடுப்படியிலிருந்து சிக்கந்தரின் "என்னாடா" வந்து விழும். அங்கே கறிக்குத் தாளித்தால் இங்கே இலை நறுக்குவார்கள். மீசை முளைக்கும் முன்பே லாரி செட்டில் சேர்ந்து மூட்டை தூக்கியவர்கள், ஒரே சாக்கை விரித்து இரண்டு பேராகப் படுத்தவர்கள். பிறகு ஒருத்தர் இலவம்பஞ்சு மெத்தைக் கடை போட்டார், இன்னொருத்தர் வாயையே மூலதனமாகப் போட்டு நிலத்தரகர் ஆனார்.

வெயிலுமுத்துவின் வாய் அந்த வட்டாரத்தில் பேர் பெற்றது. கத்திரிக்காய் வாங்கினாலும் கல்யாண மண்டபம் பிடித்தாலும் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்வதை அவர் தன்னை யாரோ செருப்பால் அடித்தது மாதிரி எடுத்துக்கொள்வார். கோபம் முன்னால் வரும், பேரம் பின்னால் வரும், எதிராளி அசந்த நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததையெல்லாம் பசி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கேட்டால்தான் கிடைக்கும், அதட்டிக் கேட்டால் கொஞ்சம் கூடவே கிடைக்கும் என்பதுதான் பசி சொன்ன முதல் பாடம்.

பஞ்சுத் தூசி சிக்கந்தரின் நெஞ்சில் படிந்து, படி ஏறினால் மூச்சு விசிலடிக்கிற நிலைமை வந்தபோது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வெயிலுமுத்துதான். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாத்திரை பாதி வேலதான் செய்யும். காலையில நடக்கணும். மெதுவா நடங்க, ஆனா தினமும் நடங்க."

சிக்கந்தர் தலையாட்டுவதற்குள் வெயிலுமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தினமும்னா கட்டுபடியாகாதும்மா. இவன் தனியா நடக்க மாட்டான், நான்தான் கூடப் போகணும். எனக்கு ஆயிரம் சோலி. தோதா ஒண்ணு சொல்லுங்க."

"இதுல என்னங்க தோது? சரி, வாரத்துல அஞ்சு நாள்."

"ஒண்ணு."

"என்னது?"

"ஞாயித்துக்கிழம. ஒரு நாளா இருந்தாலும் ஒழுங்கா நடப்போம். முடிச்சு விடுங்கம்மா, வெளிய கூட்டம் நிக்குது."

வெளியே நிஜமாகவே கூட்டம் நின்றது. சும்மா கிடப்பதற்கு ஒரு நாளாவது நடந்து தொலையட்டும் என்று அவள் கையைக் காட்டி அனுப்பினாள். வாசலுக்கு வந்ததும் வெயிலுமுத்து மார்தட்டினார். "பாத்தியா மாப்ள, ஏழு நாள ஒண்ணாக்கிட்டேன்!" சிக்கந்தர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, பஸ் வந்து நின்ற பிறகும் நிற்கவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காக்கா எழும்பும் முன்னால் வெயிலுமுத்து பொட்டலைத் தாண்டி வருவார். சிக்கந்தர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் போட்டு, லேஸை மைமூன் கட்டிவிட, பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். இருவரும் கண்மாய்க் கரை ஏறி மடை வரைக்கும் நடப்பார்கள். போகும்போதும் வரும்போதும் வெயிலுமுத்து மட்டுமே பேசுவார். எந்த ஊரில் எந்தத் தோட்டம் கைமாறியது, எவன் தன்னிடம் வாலாட்டினான், அவனை எப்படி ஒடுக்கினார் என்று கரையிலிருந்த நாரைகள் எரிச்சல்பட்டுப் பறக்கும் வரைக்கும் பேசுவார். சிக்கந்தர் மூச்சைச் சேமித்துக்கொண்டு 'ம்' மட்டும் கொட்டுவார். அந்த 'ம்'மிலேயே நம்பினது, நம்பாதது, 'போதும்டா உன் பெருமை' என்றது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஒரே மாதத்தில் விசில் சத்தம் குறைந்தது. மைமூன் வெயிலுமுத்துவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க புண்ணியம்ண்ணே" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து இடம் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. சம்பளக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அதனால் தரகர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அறுவடை. வெயிலுமுத்து அன்றைக்கு நடக்கப் போகவில்லை. அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிப் பொட்டலைத் தாண்டினபோது, கால் எடுத்து வைத்த இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் பொட்டல் இருந்தது.

"லேட்டு" என்றார் சிக்கந்தர்.

"பொட்டல் பெருசாயிருக்கு மாப்ள."

"ஆமா. மைமூனும் சொன்னா. ஆடு மேஞ்சுட்டுத் திரும்ப நேரமாகுதாம்."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதால் கண்மாய்க்குப் போனார்கள். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு தவறியபோது, பொட்டல் ஒரு சத்தம் எட்டாத அளவுக்கு அகன்றுவிட்டது. கருவேலமரங்கள் இரண்டு ஓரத்திலும் அப்படியே நின்றன. நடுவில்தான் புது மண், ஒரு காலடித் தடமும் படாத, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி இளஞ்சூடான செம்மண், ராவோடு ராவாகப் பொங்கி வந்திருந்தது. ஊர் அதைப் பார்த்தது, நல்ல மண் என்றது, தன் வேலையைப் பார்க்கப் போனது. இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எல்லைக்கோடு வாரா வாரம் தள்ளிப் போனதால் சிக்ஸர் அடிக்க முடியாமல் சண்டை வந்தது. ஆளுங்கட்சி ஒரு கொடிக்கம்பம் நட்டது, அதைப் பார்த்து எதிர்க்கட்சி ஒன்று நட்டது, இரண்டு கம்பங்களும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போனதில் இரண்டு கட்சிக்கும் நிம்மதி. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். போகும்போது ஒரு கணக்கும் வரும்போது ஒரு கணக்கும் வந்ததால் இரண்டுக்கும் முன்னால் 'சுமார்' என்று போட்டுக் கையெழுத்திட்டார். கிராம அதிகாரி நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "படத்துல இல்லாத நிலத்த யாருதுன்னு நான் எப்படிச் சொல்றது, யாருதும் இல்லைன்னுதான் எப்படிச் சொல்றது" என்று சொல்லி, நியாயமாகப் பேசின திருப்தியோடு டீ குடித்தார்.

வெயிலுமுத்து மட்டும் அந்த மண்ணைக் குனிந்து அள்ளிப் பார்த்தார். ஆயுள் முழுக்க அடுத்தவன் நிலத்தை அடுத்தவனுக்கு விற்றுக் கமிஷன் வாங்கின கை அது. சொந்தம் கொண்டாட ஆளில்லாமல் ஒரு நிலம், தன் வாசலில், தானாக வளருகிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமே மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை ஊன்றி, முக்கோணக் கொடிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டி, 'வெயிலுமுத்து நகர்' என்று வளைவு வைத்துவிட்டார்.

கல் ஊன்றிய கையோடு ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் சிக்கந்தரோடு நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஓரத்தில் இரண்டு வரிசைக் கல்லைக் காணோம். மனைகளுக்குப் போட்டிருந்த காவல்காரனைப் பிடித்து உலுக்கினார். "எந்தக் களவாணிப்பய புடுங்குனான்? எனக்கே பாடம் நடத்துறீகளா?" காவல்காரன் பாவம், மெதுவாகச் சொன்னான்: "கல்ல யாரும் புடுங்கல அண்ணாச்சி. கல்லு நட்ட எடமே இல்ல. நீங்க அவுகளோட நடந்தா எடம் சுருங்குது, நடக்காட்டி வளருது. ஊருக்கே தெரியும், நீங்க கேக்கலேன்னு யாரும் சொல்லல."

வெயிலுமுத்து வளைவுக்கு அடியில் நின்று யோசித்தார். பைக்கில் போய்ப் பார்த்தால் நிலம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போனில் பேசினாலும் அப்படியே. சேர்ந்து நடந்தால் மட்டும்தான் சுருங்கியது. அவர் தன் வழக்கப்படி ஒரு பேரம் போட்டார், இந்தத் தடவை யாரோடு என்று அவருக்கே தெரியாது. கொஞ்ச காலம் நடக்காமல் இருப்பது, இருக்கிற மனையை விற்று முடிப்பது, கையில் நாலு காசு வந்ததும் தினமும் நடப்பது, வேண்டுமானால் சாயங்காலமும் நடப்பது. சிக்கந்தருக்குப் போன் போட்டார்.

"மாப்ள, இந்தச் சித்திர மட்டும் பொறுத்துக்க. அப்பறம் உன்னைய மடை வரைக்கும் இல்ல, மதுரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்."

'ம்' என்றார் சிக்கந்தர். போனில் அது எந்த 'ம்' என்று தெரியவில்லை.

மனை வாங்க யார் யாரோ வந்தார்கள். மதுரைக்காரர்கள் வேனில் வந்து, புளியோதரைப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு, வளருகிற நிலத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்று திரும்பிப் போனார்கள். இருந்து வாங்கியது இல்லாதவர்கள்தான். கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், தீப்பெட்டி ஒட்டினவர்கள், வாடகை வீட்டு முற்றத்தில் குளிக்க முறை வைத்து நின்றவர்கள், பாலத்துக்கு அடியில் பிள்ளை பெற்றவர்கள். முதலில் வந்தது சீனியம்மாள், புருஷனைக் குவாரி வெடியில் பறிகொடுத்துவிட்டு மூன்று பெண்களோடு இட்லி விற்றுப் பிழைத்தவள். வெயிலுமுத்துவிடம் பேரம் பேசி ஜெயித்த ஒரே ஆளும் அவள்தான். ஒரு வார்த்தை பேசாமல், சின்னவளைப் புது மண்ணில் இறக்கிவிட்டாள். பிள்ளை செருப்பில்லாத காலோடு அந்த இளஞ்சூட்டில் நின்று சிரித்தது. வெயிலுமுத்து தன் வாயைத் திட்டிக்கொண்டே விலையைக் குறைத்தார்.

தகரம் ஏறியது, ஹாலோபிளாக் ஏறியது, தண்ணீர்த் தொட்டி வந்தது. நிலம் வளர வளர ஷேர் ஆட்டோ ஓடியது. நடுவில் ஒரு அம்மன் வந்து உட்கார்ந்தாள், அவளுக்கு ஒரு உண்டியல் வந்தது, உண்டியலுக்கு ஒரு தகராறு வந்தது, ஆக முழு ஊராகிவிட்டது. சித்திரை போய் ஆடி வந்தது. நிலம் வளர்ந்துகொண்டே இருந்ததால் மனை விற்றுத் தீரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கோடியில் சிக்கந்தர் ஷூ போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறினதும் மைமூன் வந்து லேஸை அவிழ்த்துவிடுவாள். தனியாக ஒருதரம் கிளம்பிப் பார்த்து, கண்மாய் ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கி வந்து போட்டார்கள்.

ஒருநாள் வெயிலுமுத்து பைக்கில் போய்ப் பார்த்தார். பத்து வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை போன் அடித்தது.

"போ, யாவாரத்தப் பாரு" என்றார் சிக்கந்தர். "உன் பேர்ல ஊரே வந்துருச்சாம்ல."

"உன் பேரையும் வைக்கிறேன் மாப்ள. அடுத்த தெரு சிக்கந்தர் தெருதான்."

"தெரு எதுக்குடா எனக்கு? கெடந்த பொட்டலே போதும்னு இருந்துச்சு."

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மைமூன் போன் செய்தாள். எப்போதும் 'அண்ணே' என்று ஆரம்பிப்பவள், அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தாள். "டாக்டரம்மா கைய விரிச்சுட்டாக. ஒரே ஒரு தடவ உங்களோட கண்மாய்க்கு நடந்துட்டா மூச்சு திரும்பிரும்னு புலம்பிக்கிட்டே கெடக்காக. வாரதுன்னா வாங்க. வராட்டி வரலேன்னு சொல்லிருங்க, நான் ஷூவ எடுத்து உள்ள வச்சிர்றேன்."

ஞாயிறு விடியக் கருக்கலில் வெயிலுமுத்து நடந்தே கிளம்பினார். தன் பெயர் எழுதிய வளைவைத் தாண்டினபோது, சேதி அதற்குள் பரவி, தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஆண்கள், பெண்கள், தூக்கம் கலையாத பிள்ளைகள். முன்னால் சீனியம்மாள், கையில் இட்லி மாவு ஒட்டியிருந்தது.

"எங்க அண்ணாச்சி, நடந்து போறீக?"

"எங்கிட்டுப் போனா உனக்கென்ன? வழிய விடு."

"அவுகளோட நடக்கப் போறீகளா?"

"ஆமா, நடக்கப் போறேன். சாகக் கெடக்குறான். நான் நடந்தா அவன் பொழச்சுக்குவான். போதுமா?"

"நீங்க நடந்தா எங்க வீடு போயிரும்."

வெயிலுமுத்துவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "யார்ட்ட பேசுற? இது எங்களுக்குள்ள வளந்த மண்ணு. எனக்கும் அவனுக்கும் நடுவுல வளந்தது. நான் வித்த மண்ணு!"

"அதான் வித்துட்டீகல்ல அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள்.

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ சந்தைகளில், எத்தனையோ தாலுகா கச்சேரி வாசல்களில் ஒருநாளும் வற்றாத வாய், அன்றைக்கு வெறும் காற்றை மென்றுவிட்டு மூடிக்கொண்டது. கூட்டம் வழியை மறிக்கவில்லை. அவர் வந்த பக்கமும் போகிற பக்கமும் திறந்தேதான் இருந்தன. அவர் நடந்தார். இருபக்கமும் வீடுகள், வாசல்களில் ரோஜாத் தொட்டிகள், கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள், சுவரில் கரியால் பிள்ளைகள் கிறுக்கின ரயில். எல்லாவற்றையும் அவர்தான் கூவி விற்றிருந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது.

சிக்கந்தர் நாற்காலியில் இருந்தார். ஷூ போட்டிருந்தார். உடம்பு, பஞ்சைப் பிடுங்கின மெத்தை மாதிரி துணியாகக் கிடந்தது. வெயிலுமுத்துவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இரு. ஒரு வெசயம் சொல்லணும்" என்று வெயிலுமுத்து தரையில் குந்தினார். நடந்தால் என்ன ஆகும் என்று சொன்னார். சீனியம்மாளைச் சொன்னார், சட்டைகளைச் சொன்னார், கரி ரயிலைச் சொன்னார். சொல்லிவிட்டு, "எல்லாம் போகட்டும் மாப்ள. அவுகளுக்கு நான் காசத் திருப்பிக் குடுத்துர்றேன். எந்திரி, போவோம்" என்றார்.

சிக்கந்தர் நெடுநேரம் மூச்சைச் சேர்த்தார். "சின்னப் பிள்ளைக இருக்கா?"

"இருக்கு."

"நிறையவா?"

சிக்கந்தர் காலை நீட்டினார். "லேஸ அவுரு."

"டேய்."

"அவுருடா. ஒக்காந்தே போவோம். நீதான் பேசுறவன்ல, பேசிக்கிட்டே கூட்டிட்டுப் போ."

வெயிலுமுத்து லேஸை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, கண் மறைத்ததால் நேரமாயிற்று. பிறகு அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "கெளம்பிட்டோம் மாப்ள. ஏத்தம் வந்துருச்சு, மெதுவா வா, எம்மேல சாஞ்சுக்க. கர ஈரமா இருக்கு. தண்ணி இந்த வருசம் நெறைய. அந்தா நார நிக்குது பாரு, நான் வாயத் தொறந்தாப் பறந்துரும்னு பாக்குது." 'ம்' என்றார் சிக்கந்தர். "மடைக்கு வந்துட்டோம். டீக்கடையில கூட்டம். உனக்குச் சீனி கம்மியா." 'ம்.' இரண்டு பேரும் மடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், திரும்பி நடந்தார்கள், இறக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். அன்றைக்கு வெயிலுமுத்து நகரில் ஒரு வீடும் போகவில்லை. சீனியம்மாள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் இருந்த சந்து மட்டும் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. ஆள் பக்கவாட்டில் திரும்பினால் போகலாம் என்பதால் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சிக்கந்தர் மௌத்தானார்.

பள்ளிவாசலும் அடக்கம் செய்யும் மையவாடியும் மேற்கே, பழைய ஊரில், வெயிலுமுத்துவின் வீட்டுக்குப் பின்னால் இருந்தன. விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஜமாத்தில் முடிவானது. கிழக்குக் கோடியில் முஸ்லிம் வீடுகள் கொஞ்சம்தான். தோள் கொடுக்க ஆள் போதாது, தூரமோ பெரிய தூரம், ஒரு வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். வெயிலுமுத்து சொன்னவரின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். "மூட்டை தூக்குன தோளுய்யா இது. ஒத்தையாத் தூக்குவேன். வண்டியாம் வண்டி!"

விளக்குகளோடு கிளம்பினார்கள். உடலைக் கிடத்திய சந்தூக்கின் முன்கொம்பை வெயிலுமுத்து பிடித்திருந்தார். கொடிக்கம்பத்தைத் தாண்டி முதல் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் அவருக்கு உறைத்தது, இது ஞாயிற்றுக்கிழமை, இது கருக்கல், நானும் சிக்கந்தரும் சேர்ந்து போகிறோம். மற்றவர்களுக்கு அது முன்பே உறைத்திருந்தது. வெயிலுமுத்து நகர் முழுக்க வாசலில் நின்றது. பாத்திரங்களை மூட்டை கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பைகள், டிவிப்பெட்டி, சாமிப் படம், அவிழ்த்துப் பிடித்த ஆடு, இடுப்பில் பிள்ளை. ஒவ்வொருவர் பின்னாலும் வீட்டுக் கதவு திறந்து, உள்ளே வெறுமையாகத் தெரிந்தது. இவர்கள் வழி மறிக்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து அவர் வாயில் வசவு ஊறியது. ஆனால் முதல் வீட்டுக்காரன், ஜல்லி உடைக்கிறவன், மூட்டையைப் பெண்டாட்டி தலையில் மாற்றிவிட்டு வந்து, சந்தூக்கின் கொம்புக்குத் தோளைக் கொடுத்தான். நாலு எட்டு நடந்ததும் அடுத்த வீட்டுக்காரன் வந்தான். முதலாமவன் விலகி, தன் குடும்பத்தோடு பின்னால் சேர்ந்துகொண்டான்.

அப்படியே வீடு வீடாக வந்தார்கள். தீப்பெட்டிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், உண்டியலுக்கு அடித்துக்கொண்ட இரண்டு கோஷ்டிக்காரர்கள். வெயிலுமுத்துவுக்கும் சிக்கந்தருக்கும் நடுவில் இருந்த தூரம் எத்தனை ஆட்களோ அத்தனை ஆட்களும் வந்து, ஆளுக்குக் கொஞ்ச தூரம் சிக்கந்தரைச் சுமந்தார்கள். வெயிலுமுத்து மட்டும் கொம்பை விடவில்லை. தோள் மாற்றக் கை நீட்டியவனை எட்டி உதைக்காத குறையாக முறைத்தார்.

"குடுங்க அண்ணாச்சி" என்றான் ஒருத்தன். "எல்லாரும் தொட்டுட்டோம், நீங்க விட்டாத்தான் தோளு குடுக்க நிக்கிற அந்தப் பெரியவருக்கு எடம் கெடைக்கும்."

"முடியாது போடா."

"இதுல எதுக்கு மல்லுக்கட்டுறீக? குடுங்க."

எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. கொடுத்தார். தோள் காலியானதும் நடை தடுமாறியது. சந்தூக்கைத் தொட்டுக்கொண்டு, கூடவே நடந்தார். சீனியம்மாள் மூன்று பெண்களோடு, இட்லிக் கொப்பரையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக வந்தாள். அவள் பக்கம் திரும்பி, "வீடு போகுமே" என்றார் அவர்.

"போனாப் போகுது அண்ணாச்சி. அதுக்காக அவுகளுக்குத் தோளு குடுக்காம இருக்கவா?"

பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. மையவாடியில் மண் தள்ளினார்கள். வெயிலுமுத்து மூன்று கை மண் போட்டார். இன்னொரு கை அள்ளினார், போட மனசில்லாமல் வைத்திருந்தார். வெயிலுமுத்து நகர் முழுக்கச் சுற்றுச்சுவருக்கு வெளியே மூட்டை முடிச்சோடு, எங்கே போவதென்று தெரியாத சனம் மாதிரி நின்றது. யாருக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. வெளிச்சம் வந்தது. முதலில் ஒரு பிள்ளைதான் திரும்பிப் பார்த்தது.

வீடுகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டி நின்றது. வளைவுக்கு அப்பால் தெருவுக்குப் பின் தெருவாக, தகரக் கூரைகள் ஈரத்தில் மின்னிக்கொண்டு, அம்மன் கோயில் தாண்டி, கொடிக்கம்பம் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் மைமூன் உட்கார்ந்திருக்கும் வீடு வரைக்கும், நிலம் தன் முழு நீளத்துக்கும் அப்படியே கிடந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள், அது சந்தோஷ அழுகை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு முந்தானைக்குள் அழுதாள்.

வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த வீடுகளையே பார்த்தார். கடைசித் தெரு வரைக்கும் கண்ணால் அளந்தார். "கொறையலையே" என்றார். பிறகு, யாரோ ஏமாற்றிவிட்டது மாதிரி, கோபமாக, கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "சேந்துதான வந்தோம்? அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடி வரைக்கும் கூடவேதான வந்தேன்? ஏன் கொறையல? ஒரு சாண் கொறையலையே!"

சீனியம்மாள் கொப்பரையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அவுக நடக்கல அண்ணாச்சி" என்றாள். "நாமதான் தூக்கியாந்தோம்."

அவர் கையிலிருந்த மண் விரல் சந்து வழியாக ஒழுகியது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, லாரி செட்டில் முதல் மூட்டை தூக்கின நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். சனம் அவரோடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒவ்வொருவராக மூட்டையை எடுத்துக்கொண்டு, பாத்திரம் சத்தம் கேட்டுவிடாமல் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை ஓடவிடாமல், தங்கள் வீடுகளுக்கு நடந்தார்கள்.